யாழ்ப்பாணத்து விலங்குக் காப்பக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாக சபையினருக்கு,

குடாநாட்டில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் காப்பகங்களை நடத்திவரும் உங்களுக்கும், அப்படியொன்றைத் தொடங்கவேண்டும் என்று காணி தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும் இம்மடலை எழுதுகின்றேன். சிறியதொரு காப்பகத்தில் வரவுப் பதிவேட்டை எழுதும் தொண்டர் என்ற வகையில், எந்தப் பிராணி எவ்வாறு உள்ளே வந்தது, எவ்வாறு வெளியே போனது என்பதைக் கிட்டத்திலிருந்து பார்த்துவருகின்றேன். 'இங்கு எந்த உயிரும் கொல்லப்படமாட்டாது' என்று மதிலில் எழுதிவிடுவது எளிது. அந்த வாக்கு நிற்பதும் விழுவதும், ஒருவர் கொண்டுவரும் பிராணியை எப்படிப் பாரமெடுக்கின்றோம், அதைப் பின்னர் எப்படி இன்னொரு வீட்டுக்குத் தத்துக் கொடுக்கின்றோம் என்ற இரண்டு காரியங்களிலேயே தங்கியிருக்கின்றது. இவ்விரண்டும் எம்மிடையே எழுதப்பட்ட ஒழுங்கின்படி நடப்பதைவிட, வருபவர் எவ்வளவு அழுகின்றார், அன்று படலையில் நிற்பவர் எவ்வளவு இளகிய மனத்தவர் என்பவற்றைப் பொறுத்து நடப்பதே அதிகம் என்பது எனது அவதானம்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததே. தெருவில் திரியும் நாயைப் பிடித்துக் கொல்வதற்கு இந்நாட்டில் 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டத்தின் காலம் தொட்டே சட்டத்தின் ஆதரவு இருந்தது. உள்ளூராட்சிச் சபைகளின் நாய் பிடிக்கும் வண்டிகளை எம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2006 இல் அரசாங்கம் கொல்லாமையைக் கொள்கையாக ஏற்றுக்கொண்ட பின்னர், தடுப்பூசியும் கருத்தடையும் அந்த வண்டியின் இடத்துக்கு வரவேண்டியவையாயின. சென்னையில் 1959 இல் தொடங்கப்பட்ட புளூ குறொஸ் என்ற விலங்குநல அமைப்பு பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த வழியும் இதுவே. எனினும் கொல்வதை நிறுத்துவதற்கு ஓர் அறிவித்தல் போதுமானதாக இருந்தது. பிறப்பைக் குறைப்பதற்கோ மருத்துவரும் மருந்தும் ஆளணியும் ஆண்டாண்டாகத் தேவைப்பட்டன. அந்த இடைவெளியில் மிஞ்சிய குட்டிகள்தான் சந்தைகளின் பின்புறத்திலும், வைரவர் கோயில் வாசல்களிலும், இப்போது உங்கள் படலைகளிலும் வந்து சேர்கின்றன.

முதலில் கொள்ளளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரச்சினையின் வேர் இதிலேயே இருப்பதாக நான் நினைக்கின்றேன். எத்தனை கூடுகள் கட்டியிருக்கின்றோமோ அத்தனை பிராணிகளை வைத்திருக்கலாம் என்றே நாம் பொதுவாகக் கணக்கிடுகின்றோம். உண்மையான கணக்கு வேறு. ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பிராணிகள் வருகின்றன என்பதை, ஒரு பிராணி சராசரியாக எத்தனை நாள் தங்குகின்றது என்பதாற் பெருக்கினால் வருவதே எந்த நேரத்திலும் உள்ளே இருக்கும் எண்ணிக்கை. நாளொன்றுக்கு 1 பிராணி வந்து 60 நாள் தங்கினால், எப்போதும் 60 பிராணிகள் உள்ளே இருக்கும். அதே வரவில் தங்கும் காலத்தை 30 நாளாகக் குறைத்தால் 30 பிராணிகளே இருக்கும். அல்லது அதே 60 இடங்களைக் கொண்டு ஆண்டுக்கு 365 உயிர்களுக்குப் பதிலாக 730 உயிர்களுக்கு இடம் கொடுக்கலாம். புதிய கூடுகளுக்காகக் கனடாவிலும் சுவிஸிலும் உள்ள உறவுகளிடம் நிதி கேட்பதற்கு முன்னர், உள்ளே இருக்கும் நாய்கள் ஏன் இத்தனை மாதங்களாக உள்ளேயே இருக்கின்றன என்று கேட்பது பயன் தரும் என்று நான் சொல்வது இக்கணக்கை வைத்துத்தான்.

ஆளணிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பிராணியின் கூட்டைக் கழுவுவதற்கு 9 நிமிடம், உணவு கொடுப்பதற்கு 6 நிமிடம் என, நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடமாவது வேண்டும் என்பது அமெரிக்கக் காப்பகத் துறையில் நெடுங்காலமாக வழங்கும் அளவுகோல். எமது காப்பகங்களில் அவ்வளவு நேரம் எடுப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். எடுக்கத்தான் வேண்டும் என்பது எனது பதில். 60 பிராணிகளுக்கு இது 15 மணித்தியாலம், அதாவது இரண்டு பேருடைய முழுநாள் உழைப்பு. மருந்து கொடுப்பதும், தத்தெடுக்க வருவோருடன் பேசுவதும், தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் இதற்கு மேலதிகம். காலையில் ஒருவரும் மாலையில் ஒரு பாடசாலை மாணவருமாக 60 நாய்களைப் பார்க்கும் இடத்தில் எந்த நாய் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்பது எவருக்கும் தெரியாமற் போகும்.

நெரிசல் எப்படிக் கொல்கின்றது என்பதை, நாய்க்குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோயான பார்வோ வந்துபோன காப்பகத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தொடங்கவிருப்பவர்களுக்காக எழுதுகின்றேன். பெரும்பாலும் கிருமி தொற்றி ஒரு வாரத்துக்குள் குட்டி சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், பின்னர் இரத்தத்துடன் கழியும். நாற்றத்தைக் கொண்டே அனுபவமுள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். சாதாரண பினைல் அதற்குப் போதாது. அழுக்கையும் மலத்தையும் முதலிற் கழுவி நீக்கிய பிறகு, வீட்டுப் பாவனைக் குளோரின் திரவத்தில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ முப்பது பங்கு நீர் கலந்து தரையில் ஊறவிட வேண்டும். மண்தரையில் இதைச் செய்ய முடியாது. ஆகவே குட்டிகளை வைக்கும் இடமாவது சீமெந்துத் தரையாக இருக்க வேண்டும். புதிதாக வரும் பிராணி இரண்டு வாரமாவது தனித்து வைக்கப்பட வேண்டும். அதற்கென வேறு வாளி, வேறு தும்புத்தடி, முடிந்தால் வேறு செருப்பு. தடுப்பூசியை வந்த அன்றே போட வேண்டும். குட்டியாயின் 6 வார வயதிலிருந்து 16 வாரம் கடக்கும்வரை இடைவெளி விட்டுத் திரும்பவும் போட வேண்டும். தனித்து வைக்க இடமில்லாத நாளில் படலையில் வந்து நிற்கும் மீன்பெட்டியில் போட்டுக் கொண்டுவரப்பட்ட குட்டிகளை இரக்கப்பட்டு உள்ளே எடுப்பவர், ஏற்கெனவே உள்ளே இருக்கும் இருபது குட்டிகளின் உயிரைப் பணயம் வைத்தே அந்த இரக்கத்தைக் காட்டுகின்றார்.

கொல்லாமை என்பதற்கு எல்லை உண்டா என்ற கேள்வியை எமது சபைக் கூட்டங்களில் எவரும் எழுப்ப விரும்புவதில்லை. சைவச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு அது சங்கடமானது என்பது எனக்கும் விளங்குகின்றது. ஆயினும் இக்கோட்பாடு ஓர் இயக்கமாக வளர்ந்த அமெரிக்காவிலேயே அதற்கு எல்லை வகுத்திருக்கின்றார்கள். 1994 இல் சான் பிரான்சிஸ்கோ நகரும் அங்குள்ள விலங்குவதைத் தடுப்புச் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கை, உடல்நலமுள்ள ஒவ்வொரு நாய்க்கும் பூனைக்கும் வீடு கிடைப்பதை உறுதிசெய்வதாகவே அமைந்தது. உள்ளே வந்த நூற்றில் தொண்ணூறு உயிருடன் வெளியேறினால் அக்காப்பகம் கொல்லாக் காப்பகம் என்று கொள்ளப்படுவதும் அங்கே பரவலான வழக்கம். மிஞ்சிய பத்தும் குணப்படுத்த முடியாத நோயும் தணிக்க முடியாத வலியும் உடையவை என்ற எண்ணத்திலேயே அந்த அளவு வைக்கப்பட்டது. லொறி ஏறி முள்ளந்தண்டு முறிந்து, புண்ணில் புழு வைத்துக் கிடக்கும் நாயை மூன்று வாரம் அப்படியே வைத்திருந்து சாகவிடுவது கொல்லாமையாகாது. அப்படிப்பட்ட நாயை வலியின்றி உறங்க வைக்கும் முடிவைக் கால்நடை வைத்தியர் ஒருவரும் சபை உறுப்பினர் இருவரும் சேர்ந்து, காரணத்தை எழுதி ஒப்பமிட்டு எடுக்க வேண்டும். இடமில்லை என்பதோ, வயது போய்விட்டது என்பதோ, எவரும் கேட்கவில்லை என்பதோ அந்தத் தாளில் ஒருபோதும் காரணமாக வரக்கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே எழுதிவைத்திருக்கும் காப்பகத்தின் மதிலில் உள்ள வாசகத்தை நான் நம்புவேன்.

இனி, பாரமெடுப்பதைப் பற்றி.

பிராணியைக் கொண்டுவருபவர்களை நாம் இரண்டு விதமாகத்தான் நடத்துகின்றோம். ஒன்று, ஏசுகின்றோம், அல்லது ஒன்றும் கேளாமல் வாங்கி வைத்துக்கொள்கின்றோம். ஏசப்பட்டவர் அடுத்த முறை படலைக்கு வரமாட்டார். இரவில் பண்ணைப் பாலத்தடியிலோ திருநெல்வேலிச் சந்தையடியிலோ உரப்பையை அவிழ்த்துவிட்டுப் போவார். கேளாமல் வாங்கப்பட்ட பிராணியின் வரலாறோ அந்த ஓட்டோவுடனேயே திரும்பிப் போய்விடும். வயதென்ன, எதைத் தின்னும், சிறு பிள்ளைகளுடன் பழகியதா, கோழியைத் துரத்துமா, வெடிச் சத்தத்துக்கு ஓடுமா, இதற்கு முன் எவரையாவது கடித்ததா, கடைசியாக விசர்நாய்த் தடுப்பூசி எப்போது போட்டது என்ற கேள்விகளுக்கான பதில்கள்தான் மூன்று வாரம் கழித்து அந்த நாய்க்கு வீடு தேடித் தரப்போகின்றவை. கடித்ததா என்ற கேள்வியைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்தி, பதில் எதுவாயினும் பிராணியைத் திருப்பி அனுப்புவதற்காகக் கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் உண்மை வராது. அண்மையில் எவரையேனும் கடித்த நாயாயின், அது 10 முதல் 14 நாள் வரை தனியே கண்காணிக்கப்பட வேண்டியது என்பதும், கடிபட்டவர் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் தடுப்பூசிக்கு உடனே போக வேண்டும் என்பதும் படலையில் நிற்பவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

வருபவர்களில் ஒரு பகுதியினர் பிராணியைக் கைவிட வரவில்லை, வழி தெரியாமல் வருகின்றார்கள் என்பது பதிவேட்டை எழுதியெழுதி நான் கண்டது. "பெட்டை நாய், வருசத்துக்கு ரெண்டு தரம் போடுது, என்ன செய்யிறது தம்பி" என்று ஐந்து குட்டிகளுடன் வரும் அம்மாவிடம் அந்த ஐந்தையும் வாங்கிக்கொண்டு அனுப்பினால் ஆறேழு மாதத்தில் இன்னும் ஐந்துடன் வருவார். குட்டிகள் 8 வாரம் வரை தாயுடன் வீட்டிலேயே இருக்கட்டும், அதுவரை உணவுக்கு உதவுகின்றோம், பால்குடி மறந்ததும் தாயைக் கருத்தடைக்குக் கொண்டுவாருங்கள், அதன் பின்னர் குட்டிகளுக்கு நாங்கள் வீடு தேடித் தருகின்றோம் என்று பேசி முடிப்பதே அந்த வீட்டிலிருந்து இனி ஒரு குட்டியும் வராமல் இருப்பதற்கான வழி. மூன்று வாரக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் காப்பகத்தில் வைத்தால் பெரும்பாலானவை தேறாது என்பதை நீங்கள் அறிவீர்கள். கொண்டுவரப்படும் குட்டிகளில் பெட்டைக் குட்டிகளே அதிகம் என்பதும் உங்களுக்குத் தெரியும். கடுவனை வீட்டில் வைத்துக்கொண்டு பெட்டைகளைத் தெருவில் விடும் ஊர்வழக்கம் கருத்தடைச் சத்திரசிகிச்சை இலகுவாகக் கிடைத்தாலன்றி மாறாது. உண்ணி, சொறி, பக்கத்து வீட்டுக்காரருடனான சண்டை, வேலி அறுந்து நாய் வெளியே ஓடுதல், வாடகை வீட்டுக்காரரின் கண்டிப்பு என்று சொல்லப்படும் காரணங்கள் பலவற்றுக்கும் இதுபோலவே, பிராணியை வாங்காமல் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கின்றது. உண்ணிக்கு ஒரு குளிசையும், வேலிக்கு ஒரு பாகம் கம்பிவலையும், ஒரு நாயை ஒரு மாதம் உள்ளே வைத்துப் பராமரிப்பதைவிட மலிவு.

உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் காத்திருப்புப் பட்டியல் வைப்பதில் தவறில்லை. இன்று இடமில்லை, இரண்டு வாரத்தில் உங்கள் முறை வரும், அதற்கிடையில் தடுப்பூசியைப் போட்டுவிட்டு நல்லதொரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொன்னால் மக்கள் கோபிப்பார்கள் என்று அஞ்சுகின்றோம். சிலர் கோபிக்கத்தான் செய்வார்கள். பலர் அந்த இரண்டு வாரத்துக்குள் தாங்களே ஓர் உறவினரையோ அயலவரையோ கண்டுபிடித்துவிடுகின்றார்கள். விபத்து, வதை, உரிமையாளரின் திடீர் மரணம் ஆகியவை மட்டும் பட்டியலைத் தாண்டி வரவேண்டியவை. வசதியுள்ளவரிடம் பாரமெடுக்கும்போது தடுப்பூசிக்கும் கருத்தடைக்குமான செலவைக் கேட்பதிலும் நான் குறை காணவில்லை; வசதியில்லாதவரிடம் கேட்கக்கூடாது, அதை ஒரு நிபந்தனையாகவும் ஆக்கக்கூடாது.

வெளிநாடு போவோரைப் பற்றி இங்கே தனியே எழுதுகின்றேன். சில மாதங்களுக்கு முன்னர் முதியவர் ஒருவர் ஒன்பது வயதுக் கடுவன் நாயுடன் வந்தார். மனைவி இறந்துவிட்டார், மகன் ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டுவிட்டார், விசா வந்துவிட்டது. நாயின் அலுமினியத் தட்டையும், அது படுக்கும் பழைய சாரத்தையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். பையிலிருந்து கொப்பித் தாள் ஒன்றை எடுத்துத் தந்தார்: 'காலமை பால் விட்ட புட்டு. மத்தியானம் சோறு, மீன் தலை முள்ளு எடுத்து. இடது காது தொட விடாது. இடி முழங்கினால் கட்டிலுக்குக் கீழ் போகும், இழுக்க வேண்டாம்.' நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இவ்வளவு பயனுள்ள விபரம் இருந்ததில்லை. அந்தத் தாளை அப்படியே படமெடுத்து, நாயின் படத்துடன் முகநூலில் இட்டபோது சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தம்பதியர் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வயதுபோன நாயை எவரும் கேட்கமாட்டார்கள் என்பது எமது முற்கற்பிதம். எப்படிப்பட்ட நாய் என்று தெரிந்தால் கேட்பவர்கள் இருக்கின்றார்கள்.

1995 ஒக்ரோபர் 30 அன்று போரினால் ஓரிரவில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் சங்கிலியை அவிழ்த்துவிட்டதைத் தவிர நாய்க்கு வேறெதுவும் செய்யமுடியாத நிலையில் இருந்தார்கள். அதை இன்றும் சொல்லி வருந்துபவர்களை நான் அறிவேன். இன்று விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த நிலை இல்லை, மாதக்கணக்கில் அவகாசம் இருக்கின்றது. ஆனாலும் பறப்பதற்கு முதல்நாள் மாலையில்தான் எங்கள் தொலைபேசி அடிக்கின்றது. விண்ணப்பம் போட்ட அன்றே எமக்கு அறிவியுங்கள் என்று கிராம சேவையாளர் அலுவலகங்களிலும் பயண முகவர் நிலையங்களிலும் ஒரு துண்டு அறிவித்தலை ஒட்டிவைக்க நாம் ஏன் முயலவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

பாரமெடுக்கும்போது உரிமை கைமாறியதை எழுத்தில் வாங்குவதும் தவறவிடக்கூடாதது. மகன் கொடுத்துவிட்டுப் போன நாயைத் தந்தை வந்து திருப்பிக் கேட்பதும், அதற்குள் அது தத்துக் கொடுக்கப்பட்டிருப்பதும், பிறகு இரு வீட்டாருக்கும் இடையில் காப்பகம் நின்று தடுமாறுவதும் நடக்கக்கூடியவை. 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி உள்ளூராட்சிச் சபையில் நாயைப் பதியவேண்டிய கடமை இன்றும் இருக்கின்றது. அப்பதிவை எமது சபைகள் முறையாக நடத்துமாயின், எந்த நாய் எந்த வீட்டுடையது என்ற கேள்வியே எழாது. விலங்குவதைக்கு எதிரான 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100 ரூபா அபராதத்துக்கு இன்று எவரும் பயப்படப்போவதில்லை. எனவே, கைவிடுபவரைச் சட்டத்தால் அச்சுறுத்தலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டு, எமது படிவத்தையும் பேச்சையும் திருத்துவது நல்லது.

தத்துக் கொடுப்பதில் எம்மிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. கேட்பவருக்கெல்லாம் கொடுத்துவிட்டால் இடம் மிஞ்சும் என்பது ஒன்று. காணி உறுதி, மதிலின் உயரம், மாத வருமானம் வரை விசாரித்து, ஈற்றில் எவருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது மற்றையது. முதலாவதன் விளைவை அடுத்த மாதம் அதே நாயைத் தெருவில் காணும்போது அறிகின்றோம். இரண்டாவதன் விளைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு ஆண்டாக ஒரே கூட்டில் வட்டமடித்துக்கொண்டிருக்கும் நாயை நாம் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொள்கின்றோம். மதில் இல்லாத, கிடுகு வேலியடைத்த வளவில் நல்ல மனிதர்களுடன் வாழும் நாய் எங்கள் கூட்டிலுள்ள நாயைவிட நன்றாகவே வாழும். ஆகவே வருபவரைச் சோதிப்பதைவிட்டு, அவருடன் உட்கார்ந்து பேசுவதே நல்லது: வீட்டில் யார் யார் இருக்கின்றார்கள், பகலில் எவர் இருப்பார், கோழி ஆடு உண்டா, நாயை எங்கே படுக்கவைப்பீர்கள், முன்னர் வளர்த்த நாய்க்கு என்ன நடந்தது. கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மற்றெல்லாவற்றையும் விடக் கூடுதலாகச் சொல்லும். வளர்த்த மூன்று நாய்களும் ஒழுங்கையில் வாகனத்தில் அடிபட்டுச் செத்தன என்று ஒருவர் சொன்னால், அவருக்கு நாயைக் கொடுக்க மறுக்க வேண்டும் என்பதில்லை. படலையைத் திருத்திவிட்டு வாருங்கள் என்று சொல்லலாம்.

'காவலுக்கு ஒரு நாய்' என்று கேட்டு வருவோரே எம்மிடம் அதிகம். அது குற்றமன்று, இந்த ஊரில் நாய் வளர்க்கப்பட்டதே அதற்காகத்தான். ஆனால் காவல் என்றால் நாள் முழுவதும் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிவைப்பது என்று கருதுபவருக்கு, அப்படிக் கட்டப்பட்ட நாய் காவல் காப்பதில்லை, பயந்தும் சினந்தும் வீட்டுப் பிள்ளையையே கடிக்கக்கூடும் என்பதை எடுத்துச்சொல்லும் கடமை எமக்கு உண்டு. சாதி நாய்தான் வேண்டும் என்று கேட்பவர்களிடமும் பேசிப் பார்க்கலாம். அடர்ந்த மயிருள்ள பொமேரியன் எமது சித்திரை வெயிலில் படும் பாட்டையும், அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டில் வரும் நோயையும் சொன்னபிறகு, ஊர் நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் இருக்கின்றார்கள்.

கருத்தடை செய்யாமல் எந்தப் பிராணியும் வெளியே போகக்கூடாது என்பதைச் சபைகள் அனைத்தும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வயது காணாத குட்டியாயின், சத்திரசிகிச்சைக்கான திகதி தத்துப் பத்திரத்திலேயே எழுதப்பட்டு, அத்திகதிக்கு முன்னர் காப்பகமே தொலைபேசியில் அழைத்து நினைவூட்ட வேண்டும். 'பிறகு செய்விப்பம்' என்று வாயால் சொல்லிப் போன பெட்டைக் குட்டியின் குட்டிகளைத்தான் அடுத்த ஆண்டு பதிவேட்டில் எழுதுகின்றோம். கால்நடை மருத்துவ பீடம் இந்நாட்டில் பேராதனையில் மட்டுமே இருக்கும் நிலையில், வடக்கில் மருத்துவர்களின் எண்ணிக்கை ஒரே நாளில் பெருகப்போவதில்லை. காப்பகங்கள் தனித்தனியே ஒரு மருத்துவரின் பின்னால் ஓடுவதை விடுத்து, மாதத்தில் குறித்த ஒரு நாளை எல்லோருமாக ஒழுங்குசெய்து அரச கால்நடை வைத்திய அலுவலகங்களுடன் பேசுவது நடைமுறைக்கு ஏற்றது.

பிராணி புதிய வீட்டுக்குப் போன பின்னர் நடப்பதும் எமது பொறுப்பே. முதல் மூன்று நாள் பயந்து சாப்பிடாமல் கிடக்கும், மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கைப் பழகும், மூன்று மாதத்தில்தான் அது தன் வீடென்று நம்பும் என்று மேலைநாட்டுக் காப்பகங்கள் தத்தெடுப்போருக்குச் சொல்லியனுப்புவார்கள். கணக்குப் பிசகாத விதியன்று என்றாலும் எமது அனுபவத்துக்கும் ஒத்ததே. இரண்டாம் நாள் 'நாய் சாப்பிடுதில்லை, திருப்பிக் கொண்டுவரட்டோ' என்று வரும் அழைப்புகளில் பாதியை, இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் தவிர்த்துவிடலாம். பூனையாயின் இரண்டு மூன்று வாரம் அறைக்குள் வைத்துப் பழக்காமல் திறந்துவிடவேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். அது பழைய இடம் தேடிப் புறப்பட்டுவிடும். ஒத்துவரவில்லையென்றால் எப்போதாயினும், எத்தனை ஆண்டு சென்றாயினும், எமது படலைக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள், ஒரு சொல்லும் ஏசமாட்டோம் என்று பத்திரத்தில் தடித்த எழுத்தில் இருக்கட்டும். திரும்பி வருவதை நாம் அவமானமாகக் கருதினால் அவர்கள் எம்மிடம் வரமாட்டார்கள், சந்தைக்குத்தான் போவார்கள்.

இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயம் போன்ற, ஆதரவற்ற பிராணிகள் காலம் முழுவதும் தங்கக்கூடிய இடங்களின் தேவையை நான் மறுக்கவில்லை. எங்குமே போக முடியாத பிராணிகள் எப்போதும் சில இருக்கும். ஆனால் பட்டினத்தில் நாலு பரப்புக் காணியில் நடக்கும் காப்பகம் தன்னைச் சரணாலயம் என்று நினைத்துக்கொண்டால், முதல் அறுபது பிராணிகளுடன் அதன் சேவை முடிந்துவிடும்.

ஈற்றாக, உங்களிடம் வெளிப்படையாகக் கேட்பது ஒன்று. மாதந்தோறும் எத்தனை பிராணிகள் வந்தன, எத்தனை தத்துக் கொடுக்கப்பட்டன, எத்தனை திரும்பி வந்தன, எத்தனை நோயாலோ பிற காரணத்தாலோ இறந்தன, எத்தனை மருத்துவரின் முடிவின்படி உறங்க வைக்கப்பட்டன, இப்போது எத்தனை உள்ளே இருக்கின்றன என்ற ஆறு எண்களையும் காப்பக வாசலில் ஒட்டுங்கள், முகநூலிலும் இடுங்கள். காப்பாற்றப்பட்ட குட்டியின் காணொளிக்குப் பணம் அனுப்பும் புலம்பெயர் உறவுகளும் இந்த எண்களைக் கேட்கத் தொடங்க வேண்டும். இறப்பு எண்ணைப் பார்த்துச் சிலர் தூற்றுவார்கள் என்பது உண்மையே. மறைத்துவைத்த இறப்புகள் ஒருநாள் வெளியே வரும்போது கிடைக்கும் தூற்றல் அதைவிடப் பெரியது. அத்துடன், எழுதாத எண்ணைக் குறைக்கவும் முடியாது.

ஐப்பசி மாரி தொடங்கிவிட்டால் கூடுகளுக்குள் வெள்ளம் ஏறும், குட்டிகளும் பெருகும், எவருக்கும் கூட்டங்களுக்கு நேரம் இருக்காது. அதற்கு முன்னர், செப்ரெம்பர் 28 உலக விசர்நாய்க்கடித் தடுப்புத் தினத்தை ஒட்டியாவது, காப்பகங்களின் பிரதிநிதிகளும், மாநகர சபை மற்றும் பிரதேச சபைகளின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும், அரச கால்நடை வைத்தியர்களும் ஒரு மேசையில் அமர்ந்து, எல்லாக் காப்பகங்களுக்கும் பொதுவான ஒரு பாரமெடுப்புப் படிவத்தையும் ஒரு தத்துப் பத்திரத்தையும் முடிவுசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். ஒரு காப்பகத்தில் இடமில்லாதபோது இன்னொன்றுக்கு அனுப்பவும், ஒரே ஆள் மூன்று இடங்களில் குட்டிகளை வாங்கிச் செல்வதைக் கண்டுபிடிக்கவும் பொதுப் பதிவேடு ஒன்று உதவும். இரண்டு படிவங்களுக்கும் தாளின் ஒரு பக்கத்துக்கு மேற்படாத மாதிரிகளை எழுதி வைத்திருக்கின்றேன். நாளையும் இடத்தையும் நீங்கள் குறித்து அறிவித்தால், வேண்டிய பிரதிகளுடன் வந்து சேர்வேன்.

இங்ஙனம்,
காப்பகத் தொண்டர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.